வெளுத்த குருத்துகளும் ஒரு பூச்சி மருந்துக் கடைக்காரியும்

பூச்சி மருந்துக் கடை என்று பலகையில் எழுதியிருந்தாலும், எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் புல்லை ஒழிக்க வருகிறார்கள். மீதிப் பாதிப் பேர் பக்கத்து நிலத்துக்காரர் என்ன வாங்கிப் போனார் என்று விசாரிக்க வருகிறார்கள்.

பேரணாம்பட்டு சாலையில் என் கடை. விவசாயம் படித்துவிட்டுப் பதினொரு வருடமாக இந்தக் கவுன்டருக்குப் பின்னால் நிற்கிறேன். நீங்கள் வைத்திருப்பது மளிகைக் கடையோ செல்போன் கடையோ, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். வாங்கும்போது "நீங்க சொன்னா சரி" என்பார்கள். திரும்பி வரும்போது "நீங்கதானே சொன்னீங்க" என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் நம் தலை உருளும்.

இதை எழுத உட்கார்ந்ததே சாந்தி அக்காவின் கத்தரித் தோட்டத்துக்காகத்தான். என் வாய்ச்சொல்லை நம்பி அந்த அரை ஏக்கரையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, விவசாயமே வேண்டாம் என்று கிளம்ப இருந்தார் அவர். அதைச் சொல்வதற்கு முன்னால், வில்லனாக வரப்போகும் மருந்தை அறிமுகப்படுத்த வேண்டும். மக்காச்சோளத்தில் களை எடுக்க அடிக்கிற மருந்து அது. மக்காச்சோளத்தை ஒன்றும் செய்யாது. களையைக் கருக்காது, வெளுக்க வைக்கும்.

மூன்றாம் நாள் போன்

இந்த மருந்தை நான் முதன்முதலில் விற்றது ஏகாம்பரத்துக்கு. அதுவரை அவர் அடித்ததெல்லாம் காலையில் அடித்தால் சாயந்திரம் புல் கருகிப்போகிற மருந்து. மூன்றாம் நாள் போன் வந்தது. எடுத்த எடுப்பிலேயே சத்தம். "இன்னா மேடம் மருந்து இது? புல்லு சாவும்னு பாத்தா மல்லிப்பூ மாதிரி வெள்ளையா நின்னுக்கினு சிரிக்குது!"

நான் பொறுமையாக விளக்கினேன். எனக்கு விளக்குவது பிடிக்கும். அதுதான் என் பலம், அதுவேதான் என் வியாதி. இலையில் பச்சை மட்டும் இல்லை, அதற்குள் மஞ்சளும் இருக்கிறது. கேரட்டில் இருக்கிறதே, அந்தச் சாதி நிறம். வெயில் அதிகமாக விழும்போது பச்சை கெட்டுப்போகாமல் அந்த மஞ்சள்தான் காக்கிறது. நம் மருந்து பச்சையைத் தொடாது. செடி மஞ்சள் தயாரிக்கிற வேலையை மட்டும் நடுவில் நிறுத்திவிடும். காவல் போனதும் வெயிலே பச்சையை அழித்துவிடும். பச்சை போனால் செடிக்குச் சமையல் கிடையாது. பட்டினியில் பத்து, பன்னிரண்டு நாளில் சாகும். இன்னும் ஒரு வாரம் பொறுங்கள் என்றேன். வேலூர் மாவட்டத்து ஆளிடம் வெயிலைப் பற்றிப் பேசியது என் தப்பு.

"அப்ப கொல்றது உங்க மருந்து இல்ல, வெயிலு. வெயிலு எங்க ஊர்ல சும்மாவே கெடைக்குதேம்மா!"

பழைய இலை, புது இலை

ரஃபீக் பாய் ஆற்றோரத்தில் தோல் பதனிடுகிற தோல் ஷாப்பில் சாயப் பிரிவு மேஸ்திரி. பெரிய மர டிரம்மில் தோலைப் போட்டுச் சுற்றி நிறம் ஏற்றுகிற வேலை. சொந்தமாக ஒரு ஏக்கரில் மக்காச்சோளமும் உண்டு. ஷிப்ட் முடிந்து வருகிற வழியில் கடையில் நின்று பேசாவிட்டால் அவருக்கும் தூக்கம் வராது, எனக்கும் பொழுது போகாது.

ஒரு நாள் அவருக்கு முன்னால் ஒரு வாடிக்கையாளர் கையில் களைச்செடியோடு நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மருந்து அடித்து வாரம் ஆகிறது, பார், அடியிலை எல்லாம் பச்சையாகவே இருக்கிறது, இது டூப்ளிகேட் என்று. நுனிக்குருத்து வெள்ளை வெளேரென்று இருந்ததை அவர் பார்க்கவே இல்லை. முன்பே நிறம் தயாரித்து முடித்த இலைக்குப் பாதிப்பு கம்மி, இனிமேல் நிறம் தயாரிக்க வேண்டிய குருத்துக்குத்தான் முதல் அடி என்று நான் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். படித்த படிப்பெல்லாம் காட்டினேன். ஏறவில்லை. ரஃபீக் பாய் செடியை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே வரியில் முடித்துவிட்டார்.

"சாயம் ஏறி வெளிய வந்த தோலுக்கு, அப்பால சாயத்த நிறுத்துனா இன்னா ஆயிடும்? இன்னும் டிரம்முக்குள்ள இருக்குதே, அதுக்குத்தான் பேஜாரு!"

ஆம்பூர் மேடை அலங்காரம்

வெளுத்த களை பார்க்க அழகாக இருக்கும். அதை மறைக்க முடியாது. ஏகாம்பரத்தின் வயலில் சாரணையும் பசலையும் வெள்ளையில் லேசாக ரோஜா நிறம் ஓடி நின்றதை யாரோ படம் எடுத்து அனுப்பப்போக, ஆம்பூரிலிருந்து ஒரு கல்யாண மேடை அலங்காரக்காரர் பைக்கில் வந்து இறங்கினார். தொட்டியில் வளர்க்கிற பச்சைச் செடிகளுக்கு இதை அடித்தால் மேடை முழுக்க வெள்ளை இலையாக ஜோடிக்கலாம், ஊரில் எவனும் செய்யாத ஐட்டம் என்று கண் பளபளக்கச் சொன்னார்.

பிள்ளைகள் தொடும், பிரியாணிப் பந்தலுக்குப் பக்கத்தில் வைக்கிற பொருள் இல்லை, தர மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். அந்தச் செடி ரெண்டு வாரத்தில் செத்துவிடும் என்றும் சேர்த்துச் சொன்னேன். மனிதர் அசரவில்லை.

"ரெண்டு வாரம் எதுக்கு மேடம்? நம்ம வேல எல்லாம் தாலி கட்டி சாப்பாடு முடியற வரைக்கும்தான்."

போட்டோ பார்த்துச் சொன்ன தீர்ப்பு

இனி சாந்தி அக்கா. கணவர் இல்லை. ஆற்றுக்குப் பக்கத்தில் அரை ஏக்கர், ஒரு கிணறு, நிலம் முழுக்க முள்ளுக் கத்தரி. அந்தக் கத்தரிக்காயை விற்றுத்தான் ரெண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். கிணற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் ரஃபீக் பாய் வேலை செய்கிற தோல் ஷாப். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு: இலை பழுத்தாலும், மாடு பால் குறைத்தாலும், தலைமுடி கொட்டினாலும் தோல் ஷாப் தண்ணீர்தான் காரணம். பத்தில் ஏழு தடவை அது உண்மையாகவும் இருக்கும். அதனால் மீதி மூன்று தடவை யாரும் யோசிப்பதில்லை. நானும்தான்.

ஒரு புதன்கிழமை அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். கத்தரிச் செடி, இன்னும் பூ எடுக்காத பருவம், நுனிக்குருத்து வெளுத்திருந்தது. கடையில் கூட்டம். உப்புத் தண்ணீர் பாய்ந்த மண்ணில் செடிக்கு இரும்புச்சத்து ஏறாமல் குருத்து வெளுப்பது இங்கே சகஜம். ஒரு கையால் பில் போட்டுக்கொண்டே மறு கையால் குரல் செய்தி அனுப்பினேன்: "தண்ணி கெட்டுப்போச்சுக்கா. இந்தத் தண்ணிக்கு இனிமே கத்தரி வராது. புடுங்கிடுங்க." இவ்வளவு உறுதியாக என் கல்யாணத்துக்குக்கூட நான் சம்மதம் சொன்னதில்லை.

சனிக்கிழமை அக்காவின் கொழுந்தன் முருகேசன் கடைக்கு வந்தார். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கப் போகிறார்கள், படித்தவர் கையெழுத்து ஒன்று வேண்டும் என்றார். கடை லெட்டர்பேடில் 'தோல் தொழிற்சாலைக் கழிவுநீரால் பயிர் பாதிப்பு' என்று எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தேன். அக்கா எப்படி இருக்கிறார் என்று சும்மா ஒரு வார்த்தை கேட்டேன். முருகேசன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தபடி சொன்னார்.

"நாளிக்கு ஆள வுட்டு எல்லாத்தையும் புடுங்குறாங்க. திங்கக்கெழமையிலேர்ந்து அண்ணி ஷூ கம்பெனி பஸ்ஸு ஏறப் போறாங்க. நீங்க சொன்னப்புறம் வேற இன்னா இருக்குது?"

மேஸ்திரியின் கேள்வி

அன்று சாயந்திரமே ரஃபீக் பாய் வந்தார். வழக்கமான சிரிப்பு இல்லை. நான் எழுதிக் கொடுத்த தாள் அதற்குள் போட்டோவாக ஊர் முழுக்கச் சுற்றியிருந்தது. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நானும் தயாரானேன். உங்கள் ஷாப் தண்ணீர் சுத்தமா என்று முதலில் நானே எகிறினேன். இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். ராத்திரி பகலாக அந்தத் தண்ணீரில்தான் நிற்கிறேன், என் காலைப் பாருங்கள் என்று செருப்பைக் கழற்றிக் காட்டினார். விரலிடுக்கெல்லாம் வெடிப்பு. எனக்கு எகிறியது இறங்கிவிட்டது.

"தண்ணி கெட்டதுதான் மேடம், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா அவங்க தோட்டத்த நீங்க நேர்ல பாத்தீங்களா, போன்ல பாத்தீங்களா?"

பாதி வரிசை

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். போகும்போதுகூட நான் சொன்னது சரி என்றுதான் நினைப்பு. சும்மா ஒரு தடவை பார்த்து வைப்போம் என்று. வரப்பில் ஏறி நின்று வரிசைகளை எண்ணினேன். கிணற்றுத் தண்ணீர் எல்லா வரிசைக்கும்தான் பாய்கிறது. முதல் ஏழு எட்டு வரிசை வெள்ளை. அடுத்த ஏழெட்டு லேசான வெளுப்பு. அதற்கப்புறம் கடைசி வரை கருகருவென்று பச்சை. தண்ணீர் இப்படி வரிசை எண்ணி ஓரவஞ்சனை செய்யாது. குனிந்து ஒரு குருத்தைப் பறித்தேன். இரும்புச்சத்துக் குறைவு என்றால் நரம்பு பச்சையாகத் தங்கும். இதில் நரம்பும் வெள்ளை. நுனியில் லேசாக ரோஜா நிறம். ஏகாம்பரத்தின் வயலில் பார்த்த அதே நிறம்.

ரெண்டு பெண்கள் முதல் வரிசையில் பிடுங்க ஆரம்பித்திருந்தார்கள். "நிறுத்துங்க" என்று கத்தினேன். கடைசியாக எப்போது மருந்து அடித்தீர்கள் என்று சாந்தி அக்காவைக் கேட்டேன். போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை, தண்டுப் புழுவுக்கு, உங்கள் கடை வாடகை ஸ்பிரேயரில்தான் என்றார். எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தீர்கள் என்று கேட்டேன். அவர் கை காட்டியது வெள்ளை வரிசையை.

எனக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தது. வாடகை ஸ்பிரேயரைத் திருப்பித் தருகிறவர்கள் கழுவக் கூடாது, வாய்க்காலில் கழுவி ஊரைக் கெடுப்பார்கள், கடையில் நாங்களே சோப்புத்தூள் போட்டு மூன்று தடவை கழுவுவோம் என்பது நான் போட்ட சட்டம். அதைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டியிருப்பதும் நான்தான். அக்கா மருந்து அடித்ததற்கு முந்தின நாள், புதன்கிழமை, ரஃபீக் பாய் மக்காச்சோளத்துக்குக் களைமருந்து அடித்துவிட்டு அதைத் திருப்பித் தந்தார். அன்று கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, டிரம்மிலும் தண்ணீர் இல்லை. ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிக் குலுக்கிக் கொட்டிவிட்டு மூலையில் வைத்தேன். மறுநாள் காலையில் அக்கா வந்து எடுத்துப் போனார். டேங்கின் அடியிலும் குழாயிலும் தங்கிய மிச்சம் முதல் டேங்கில் முழுசாகப் போயிருக்கிறது, ரெண்டாவது டேங்கில் கொஞ்சம், மூன்றாவதிலிருந்து ஒன்றுமில்லை. வரிசைகள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

வெட்கமாக இருந்தது. ரஃபீக் பாய் கழுவாமல் தந்தார் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அது பொய்யும் இல்லை. அந்த நினைப்பு வந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் கழுவ வேண்டாம் என்று அவரிடம் சொன்னதே நான். "தப்பு என்னோடதுக்கா. டேங்க ஒழுங்கா கழுவாதது நான்தான்" என்று சொல்லி முடித்தேன். முருகேசன் ஓடி வந்தார். தாளைக் கேட்டேன், தர மறுத்தார். தண்ணீர் கெட்டது நிஜம், அதற்குத் தண்ணீரைப் பிடித்துக் கொண்டு போய்ச் சோதனைக்குக் கொடுங்கள், நானே கூட வருகிறேன்; இந்த இலையைக் கொண்டு போனால் பார்த்தவுடன் இது களைமருந்து என்று சொல்லிவிடுவார்கள், அப்புறம் உங்கள் நிஜத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள் என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"இத்தினி வருசத்துல இப்பத்தான் ஒரு கையெழுத்து கெடைச்சுது. அதையும் நீங்களே கெடுத்தா நாங்க எங்க போறது?"

பன்னிரண்டு நாள்

அந்தக் கேள்வி இன்றைக்கும் உறுத்துகிறது. தாளை மட்டும் கடைசியில் கொடுத்துவிட்டார். கிழித்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

சாந்தி அக்காவிடம் நான் கேட்டது ஒன்றுதான்: பன்னிரண்டு நாள் கொடுங்கள். போனது கொஞ்சம் மருந்துதான், செடி அதைச் செரித்துவிடும். வெளுத்த இலை வெளுத்ததுதான், ஆனால் அதற்கப்புறம் வருகிற குருத்து பச்சையாக வரும். வராவிட்டால் நாற்று என் செலவு, நடவும் என் செலவு. பிடுங்க வந்தவர்களை மட்டும் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறினாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மற்றவர்களுக்கு வெயிலையும் மஞ்சளையும் பற்றி வகுப்பு எடுத்தவள், தினமும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் மேகம் வேண்டும், கொஞ்ச நாள் வெயில் குறைய வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே மருந்துக் கடைக்காரி நானாகத்தான் இருப்பேன்.

பன்னிரண்டாம் நாள் அக்கா கடைக்கு வந்தார். கடை நிறைய ஆள். கவுன்டரில் ஒரு கத்தரிக் கிளையை வைத்தார். அடியில் பச்சை, நடுவில் ரெண்டு வெள்ளை இலை, நுனியில் கொழுந்து, நல்ல பச்சை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாடிக்கையாளர்கள் முன்னால் மருந்து நெடி என்று சமாளித்தேன். கம்பெனி பஸ் திங்கட்கிழமை வாசலில் வந்து ஹாரன் அடித்ததாம், இவர் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தாராம். முருகேசனும் நானுமாகப் பாட்டிலில் பிடித்துக் கொடுத்த தண்ணீருக்கு முடிவு வந்து, அது கெட்டதுதான் என்று எழுத்திலேயே வந்துவிட்டது என்று நான் சொன்னேன். புது மனுவை அதை வைத்துக் கொடுத்திருக்கிறோம், பதில்தான் வரவில்லை என்றேன். அக்கா தலையாட்டிவிட்டு, அடுத்த மருந்து அடிக்க மூலையிலிருந்த ஸ்பிரேயரைத் தூக்கினார். கழுவியாகிவிட்டது, மூன்று தடவை, நானே கழுவினேன் என்று அவசரமாகச் சொன்னேன். அவர் நேராகப் பின்பக்கக் குழாயடிக்குப் போய் மூடியைத் திறந்தார்.

"கெணத்த கெடுத்தவங்க இத்தினி வருசத்துல ஒரு நாளும் 'நான்தான்'னு சொன்னதில்ல மேடம், நீங்க சொன்னீங்க, அதுக்காகத்தான் இந்தக் கடைக்கே வர்றேன், ஆனா டேங்க நான்தான் கழுவுவேன்."

ஆக, இந்தத் தொழில் நடத்த நேரில் போய்ப் பார்க்க ஒரு ஸ்கூட்டியும் 'தப்பு என்னுடையது' என்று சொல்ல ஒரு வாயும் வேண்டும், இரண்டில் ஸ்கூட்டிதான் தவணையில் கிடைக்கிறது.